இருட்டு நேர்த்தி

நல்லமுத்து செல்லசாமிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி முப்பத்தோராயிரத்து நானூற்று அறுபது ரூபாய். கடையில் வாங்கிய அரிசி பருப்புக்கு அல்ல. கைமாற்றும் அல்ல. மகள் மூச்சு விட்டதற்கு.

நல்லமுத்துவின் மனதில் அது அப்படித்தான் பதிந்திருந்தது. செல்லசாமி அதை வேறு மாதிரி சொன்னான். மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், பன்னிரண்டு வீடு வரிசையாக ஒட்டி நிற்கும் அந்த லயத்துக்கு ஒரே ஒரு கரண்ட் மீட்டர். அது செல்லசாமியின் பெயரில். பில் வந்ததும் பன்னிரண்டாகப் பிரித்து அவன்தான் வசூலிப்பான். அவன் நடத்தும் கடைக்குத் தனி மீட்டர். கோயில் உண்டியல் சாவி, லயத்து மெயின் சுவிட்ச் சாவி, எல்லாம் அவன் இடுப்பில். நான்கு மாதத்துக்கு முன்னால் நல்லமுத்துவின் வீட்டுக்குக் காற்று மெசின் வந்தது. அந்த மாதமே பில் எகிறியது. கூட்டம் போட்டார்கள். ஏறின காசு முழுக்க மெசின் வைத்திருக்கிறவன் தலையில் என்று முடிவானது. முதல் தடவை எட்டாயிரத்து அறுநூறு ரூபாயை நல்லமுத்து வாய் திறக்காமல் கட்டினான். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் மனைவி அனுப்பிய காசு அது. பிறகு கட்ட முடியவில்லை. பாக்கி குட்டி போட்டது.

மெசின் ஆசைக்கு வாங்கி வைத்த சாமான் இல்லை. மகள் நிலக்ஷிக்குப் பத்து வயது. பிறக்கும்போதே இருதயத்தில் கோளாறு. அது நுரையீரலையும் கெடுத்துவிட்டது. இனி வெட்டித் தைக்க ஒன்றும் இல்லை, இருக்கிற வரைக்கும் பிள்ளை கஷ்டப்படாமல் இருக்கட்டும் என்று கொழும்பில் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை ஒரே பிடியாக நின்றாள். "இந்தக் கட்டில் வேணாம்ப்பா. வீட்டுக்குப் போவோம்." அதன் பிறகுதான் வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்சுமார் வந்தார்கள். ஜெயந்தினி மிஸ்தான் அவர்களில் நிலக்ஷிக்குப் பொறுப்பு. ரூமில் இருக்கிற காற்றை இழுத்து, அதிலிருந்து நல்ல காற்றைப் பிரித்து, மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் பெட்டியைக் கொண்டு வந்து வைத்தார். விரலில் கவ்வும் ஒரு கிளிப், அதோடு ஒரு போன். கிளிப் காட்டுகிற நம்பர் போன் வழியாக அட்டன் டவுனில் இருக்கும் மிஸ்ஸின் கைக்குப் போகும். தொண்ணூறுக்குக் கிட்ட நின்றால் நிலக்ஷிக்கு நல்ல நாள். குறைந்தால் மிஸ்ஸே வீடியோவில் வந்துவிடுவார்.

"நிலக்ஷி அப்பா, தலகாணிய ஒசத்துங்க. முன்னுக்குச் சாய்ஞ்சு ஒக்காரட்டும். மூச்சு முட்டினா அந்த மருந்துல கால்வாசி ஊசிக்குழாய் கன்னத்துக்குள்ள விடுங்க. பயப்படாதீங்க, அது தூங்க வைக்க இல்ல, மூச்சு முட்டுற பயத்தக் குறைக்க."

கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை நல்லமுத்துவுடையது. தேயிலைச் செடியை ஒரே வீச்சில் அரியும் அந்தக் கை, ஊசிக்குழாயின் மெல்லிய கோட்டில் மருந்தை நிறுத்தப் பழகிக்கொண்டது.

பாக்கி ஏறிய ஒரு வெள்ளிக்கிழமை அவன் மலையில் இருந்தான். பக்கத்து வீட்டு நாகலெட்சுமிதான் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். திடீரென்று மெசின் 'பீப் பீப்' என்று கத்திவிட்டு அடங்கியது. நாகலெட்சுமி வெளியே எட்டிப் பார்த்தால், அவள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. கடைக்கு ஓடினாள்.

"அண்ணே, நிலக்ஷி வீட்ல மட்டும் கரண்ட் இல்லண்ணே! மெசின் நின்னுருச்சு!"

"பியூஸ் போயிருக்கும்" என்றான் செல்லசாமி, பீடிக்கட்டை எண்ணியபடி. "பாக்கியக் கட்டினா தானா வரும்."

அட்டனில் ஜெயந்தினி மிஸ்ஸின் கையில் நம்பர் விழுந்துகொண்டே போனது. எழுபத்தொன்று. மிஸ் போனில் வந்தார். நாகலெட்சுமி அழுதுகொண்டே மிஸ் சொன்னபடி மருந்தை விட்டாள், சுளகை எடுத்துப் பிள்ளையின் முகத்துக்கு வீசினாள். மிஸ் இன்னொரு போனில் கடைக்காரனைக் கூப்பிட்டார். "தோட்டம் முழுக்கவே கரண்ட் இல்ல மிஸ், நான் என்னா செய்ய?" என்றான் அவன். நல்லமுத்து மலையிலிருந்து ஓடி வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் வந்துவிட்டது. பிள்ளையின் உதடு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. இரண்டு கையாலும் பாயைப் பிடித்திருந்தாள். பிடித்த விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அன்று நல்லமுத்து கத்தியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவான் என்று லயமே வாசலில் வந்து நின்றது. அவன் போகவில்லை. கத்தியை இறவாரத்தில் சொருகினான். சொருகிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆம்பளையா நீங்க?" என்றாள் நாகலெட்சுமி. "நானா இருந்தா அவன் கொடலை உருவி மீட்டர்ல மாட்டியிருப்பேன்."

"போ புள்ள. போய்ச் சோத்த ஆக்கு."

நிலக்ஷிக்கு மறுநாள்தான் பேச முடிந்தது. ஒரு சொல், ஒரு மூச்சு. "அப்பா... மெசின் நின்னுச்சுல்ல... அப்ப... செவுத்துக்குள்ள... இன்னொரு மெசின் கேட்டுச்சு."

"எந்தச் செவுரும்மா?"

அவள் தலைமாட்டுச் சுவரைக் காட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் லயத்துக் கடைசி அறை. அதைச் செல்லசாமி பிடித்து, பூட்டு போட்டு, கடையின் ஸ்டோராக வைத்திருந்தான். அரிசி மூட்டை இருக்கிறது என்று பெயர்.

நல்லமுத்து மெசினை ஒரு நிமிடம் நிறுத்தினான். காதைச் சுவரில் வைத்தான். உர்ர்ர் என்று, தொண்டையில் சளி கட்டின நாய் மாதிரி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டு மெசின் ஓடும்போது அதன் சத்தத்துக்குள் இது புதைந்து போயிருக்கிறது. பியூஸைப் பிடுங்கியவனே இதைக் கேட்க வைத்துவிட்டான்.

சாயங்காலம் விறகு எடுக்கிற சாக்கில் பின்பக்கம் போய்ப் பார்த்தான். கூரைத் தகரத்துக்கு அடியில் கறுப்பு வயர் ஒன்று லயத்து மீட்டர்ப் பெட்டியிலிருந்து நேராக ஸ்டோருக்குள் போனது. அப்போதுதான் நல்லமுத்துவுக்கு நினைவு வந்தது. மெசின் வந்த அதே வாரம், லொறியில் வந்த இரண்டு பெரிய பெட்டிகளைப் படங்கு போட்டு மூடி இந்த ஸ்டோருக்குள் வைத்தார்கள். மாவு கொட்டி வைக்கிற பெட்டி என்றான் செல்லசாமி. ஒரு பக்கம் தோள் கொடுத்துத் தூக்கியதே நல்லமுத்துதான். கூலி கூட வாங்கவில்லை. ஒரு பிளேன்டீ.

குளிர்ப்பெட்டிகள். கரண்ட் லயத்துக் கணக்கில், பழி பிள்ளையின் மூச்சுக் கணக்கில். மெசின் வரட்டும் என்று காத்திருந்து வாங்கியிருக்கிறான்.

அன்றே ஊரைக் கூட்டியிருக்கலாம். கூட்டினால் என்ன ஆகும்? லயத்தில் பாதிப்பேர் கடைக்குக் கடன்காரர்கள். அவர்கள் இழுத்துப் பேசி முடிப்பதற்குள் அவன் வயரைக் கழற்றிவிடுவான். "தெரியாமப் போச்சு தம்பி" என்பான். மன்னித்துவிடு என்பார்கள். அது நல்லமுத்துவுக்குப் போதாது. அவன் மகள் பாயைப் பிடித்துக் கிடந்த மாதிரி அவன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். உதவி கேட்க வாய் இருந்தும் கேட்க முடியாமல் கிடக்க வேண்டும்.

மாரியம்மன் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு கிழமை, பதினாலு நாள், இருந்தது. அந்த இரண்டு கிழமையும் நல்லமுத்து கடைக்குப் போய் "அண்ணே, அண்ணே" என்று குழைந்தான். பாக்கிக்குத் தவணை கேட்டான். செல்லசாமி பெரிய மனசு பண்ணித் தவணை கொடுத்தான். திருவிழாவுக்கு ஐஸ்கிரீம், கடைசி நாள் கறிச்சோற்றுக்குக் கோழி என்று ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தான். இருட்டு விலகாத காலை நேரத்தில் ஸ்டோர்க் கதவு திறந்து மூடுவதை நல்லமுத்து படுத்தபடியே கேட்டான். நிரம்பட்டும் என்று நினைத்தான். நல்லா நிரம்பட்டும்.

பிறகு ஜெயந்தினி மிஸ்ஸைக் கூப்பிட்டு, திருவிழா மூன்று நாளைக்குக் கரண்ட் இல்லாமல் ஓடும் காற்றுச் சிலிண்டர் வேண்டும் என்றான். ஏன் என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. அம்மனுக்கு வைக்கப்போகிற நேர்த்திக்கடன் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான்.

மிஸ்ஸின் குரல் ஏறியது. "பழி வாங்குறதுக்கா எங்க சிலிண்டரக் கேக்குறீங்க? பிள்ளைய வச்சு வெளையாடுறீங்களா?"

"மெசின நம்பி இருக்கிறதும் வெளையாட்டுதான் மிஸ். பியூஸ் அவன் கையில இருக்கு. நாளைக்கு மறுபடியும் புடுங்கினா?"

"அந்த ஆளு எங்கிட்டத்தான் பொய் சொன்னான்" என்றார் மிஸ். "எழுபத்தொண்ணு காட்டுது, அவன் தோட்டம் முழுக்க கரண்ட் இல்லன்னு சொல்றான். சரி. ரெண்டு பெரிய சிலிண்டர் அனுப்புறேன். கிளிப்பக் கழட்டவே கூடாது. சிலிண்டர் முள்ளு செவப்புக்கு வந்தா, ஒங்க நேர்த்தியோ கீர்த்தியோ, மெயினப் போட்டுறணும்."

திருவிழாக் கூட்டம் கோயில் முன்னால் நடந்தது. பூசாரி, செல்லசாமி, லயத்து ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். நல்லமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தான்.

"பிள்ளைக்காக ஒரு நேர்த்தி வச்சிருக்கேங்க. வெள்ளிக்கிழமை கரகம் பாலிக்கிறதுல இருந்து ஞாயிறு மஞ்சத்தண்ணி வரைக்கும் நம்ம லயத்துல கரண்டே எரியக் கூடாது. எல்லாம் இருட்டா கெடக்கணும். கோயில்ல மட்டும் வெளிச்சம். மெயின் சுவிட்ச் சாவிய அம்மன் தட்டுல வச்சிறணும்."

கொஞ்சம் முணுமுணுப்பு. போன் சார்ஜ் என்றான் ஒருத்தன். கோயில் ஜெனரேட்டரில் போட்டுக்கொள் என்றார் பூசாரி. "மூணு நாள் டிவி பாக்காட்டி செத்தா போவோம்?" என்று நாகலெட்சுமி எல்லாரையும் ஒரு சுற்று முறைத்தாள். சாகப்போகிற பிள்ளைக்கு வைத்த நேர்த்தியை வேண்டாம் என்று சொல்ல அந்த லயத்தில் யாருக்கும் நாக்கு எழும்பாது.

செல்லசாமிக்கு எழும்பப் பார்த்தது. "தம்பி, பிள்ளைக்கு மெசின் வேணுமே? நமக்கு அதுதானே முக்கியம்."

"சிலிண்டர் வருதுங்கண்ணே. ஒங்களுக்கு எம்பிள்ள மேல எவ்வளவு அக்கறை!"

"சாவிய நானே வச்சிருக்கேன்..."

"அம்மன் தட்டுன்னு சொல்லிட்டான்ல" என்றார் பூசாரி. செல்லசாமி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். பூசாரி மஞ்சள் கயிறு சுற்றித் தட்டில் வைத்தார். நல்லமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். உள்ளுக்குள் அம்மனிடம், தாயே, இந்தப் பொய்க்கு என்னைக் கேள், பிள்ளையைக் கேட்காதே என்று சொல்லிக்கொண்டான்.

வெள்ளி சாயங்காலம் மெயின் நின்றது. நிலக்ஷி மூக்கில் சிலிண்டர்க் குழாயோடு சுவரில் காதை வைத்தாள். "நின்னுருச்சுப்பா" என்றாள். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. வீடுகளுக்குள் டிவி இல்லாததால் சனம் முழுக்க வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. நல்லமுத்து பிள்ளையை நாற்காலியில் வைத்து, சிலிண்டரைப் பக்கத்தில் நிறுத்தி, நிழல் விழுகிற இடம் பார்த்து உட்கார வைத்தான். நிழல் ஸ்டோர்க் கதவுக்கு நேர் முன்னால்தான் விழுந்தது.

செல்லசாமி நான்கு தடவை அந்தப் பக்கம் வந்தான்.

"பாப்பா, இங்க வெக்கையா இருக்கு. உள்ளுக்குப் போய்ப் படேன்."

"இங்கதான்... கரகம் தெரியும் மாமா."

ஐந்தாம் தடவை ஆட்டோவில் ஐஸ் கட்டி மூட்டையோடு வந்தான். "எதுக்குண்ணே இம்புட்டு ஐஸு?" என்றான் நல்லமுத்து.

"மோருக்கு."

"அப்ப கோயிலுக்கு எடுத்துட்டுப் போங்க. ஏய், வாங்கப்பா, அண்ணனுக்கு ஒரு கை புடிங்க!" நான்கு இளவட்டங்கள் ஓடி வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். செல்லசாமி வெறும் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்றான். நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி விபூதியைக் கரைத்தது. இனிக்கிறதே என்று நல்லமுத்து நினைத்தான். பழிக்கு இப்படி ஒரு ருசி உண்டு என்று அவனுக்கு இதுவரை தெரியாது.

மத்தியானத்துக்கு மேல் பிள்ளை சோர்ந்தாள். நம்பர் எழுபத்தொன்பது. நல்லமுத்துவின் ருசியெல்லாம் வாய்க்குள்ளேயே செத்தது. சாவியை எடுக்கக் கோயிலுக்கு ஓட எழுந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தாள் நிலக்ஷி.

"வேணாம்ப்பா. அது... இன்னும் அழுகல."

அவள் கண்ணைப் பார்த்தான். அதில் இருந்தது அவனுடைய கோபமேதான். பத்து வயதுக்கு அதைக் கொடுத்தது யார் என்று ஒரு கணம் கூசியது. அதற்குள் மிஸ் போனில் வந்தார். குழாயின் அளவை ஒரு கட்டம் கூட்டச் சொன்னார், மருந்து விடச் சொன்னார். "ஒங்கள எனக்குக் கொல்லணும் போல இருக்கு" என்றார் நல்லமுத்துவிடம். நம்பர் மெல்ல எண்பத்தாறுக்கு ஏறியது. ஏறும் வரைக்கும் மிஸ் போனை வைக்கவில்லை. இரண்டாவது சிலிண்டர் ஞாயிறு பொழுது சாயும் வரைக்கும்தான் தாங்கும் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் தண்ணீர் ஆடி, நனைந்து ஒட்டிய உடுப்போடு சனம் லயத்துக்குத் திரும்பியபோது, ஸ்டோர்க் கதவுக்கு அடியிலிருந்து இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வாசல் சிமெந்தில் இறங்கி, வாசலோரத் தண்ணீர்க் கானில் விழுந்து, ஒவ்வொரு வீட்டு வாசலையும் தாண்டி ஓடியது.

முதலில் பார்த்தது நாகலெட்சுமி. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். "ஆத்தா! எம்மா! செந்தண்ணியா வாறியே!" என்று அப்படியே விழுந்தாள். பின்னால் வந்தவர்களும் விழுந்தார்கள். யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். நேர்த்தி பலித்துவிட்டது, அம்மன் பிள்ளை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள் என்று ஒரு பெண் சாமியாடத் தொடங்கினாள். விழட்டும் என்று நல்லமுத்து விட்டுவிட்டான். கும்பிடட்டும்.

நாகலெட்சுமி செந்தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைத்தாள். பிறகு விரலை மூக்கில் வைத்தாள். பிறகு நாக்கில்.

"அடச்சீ" என்றாள். "ஸ்ட்ராபெரி!"

அதே நேரத்தில் ஈக்கள் மொய்க்கும் இன்னொரு நாற்றமும் வந்தது. அது ஸ்ட்ராபெரி இல்லை. கோழி.

பூட்டை உடைக்கக் கோடரி வந்தது. செல்லசாமி ஓடி வந்து, உடைக்க வேண்டாம், சாவி இருக்கிறது என்றான். கதவு திறந்தது. இரண்டு குளிர்ப்பெட்டிகள், பிள்ளைகள் உள்ளே இறங்கி ஒளிந்து விளையாடலாம் போல. கறுப்பு வயரை ஒருவன் பிடித்து இழுத்துக்கொண்டே போனான். அது லயத்து மீட்டரில் போய் நின்றது. அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நாலு மாதமாக ஒரு சாகப்போகிற பிள்ளையைப் பார்த்து முகம் சுளித்த வெட்கம் அவர்களுக்கு இருந்தது. அதை இறக்கி வைக்க ஆள் கிடைத்துவிட்டான். ஒருத்தன் அவன் சட்டையைப் பிடித்தான். இன்னொருத்தன் நல்லமுத்து வீட்டு இறவாரத்தில் இருந்த கத்தியையே உருவிக்கொண்டு வந்தான்.

"கத்திய வைடா" என்றான் நல்லமுத்து. செல்லசாமிக்குக் கிட்டப் போனான். "அந்த வெள்ளிக்கிழமை எங்க வீட்டு பியூஸ யாருண்ணே புடுங்கினது?"

செல்லசாமி தரையைப் பார்த்தான். "தம்பி, நானும் பிள்ளகுட்டிக்காரன்..."

"யாரு?"

"நாந்தான்."

கறுப்பு வயரைப் பிடுங்கிப் போட்ட பிறகு, பூசாரி தட்டிலிருந்த சாவியை எடுத்து மெயினைப் போட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் நிலக்ஷியின் மெசின் மட்டும் ஓடியது. கூட்டம் அங்கேயே முடிவு சொன்னது. முப்பத்தோராயிரத்து நானூற்று அறுபது ரூபாய் இல்லை என்றாகிவிட்டது. அடுத்தது, நல்லமுத்துவுக்குத் தனி மீட்டர், அதன் செலவு செல்லசாமியுடையது. ஏற்கெனவே வாங்கின எட்டாயிரத்து அறுநூறையும் இப்போதே திருப்ப வேண்டும்.

அவன் கடைக்குப் போய்க் கொண்டு வந்தான். எல்லாம் நூறு ரூபாய்த் தாள், கசங்கின கட்டு. நல்லமுத்துவிடம் நீட்டினான்.

"எனக்கெதுக்கு? அவகிட்ட கொடுங்க. அவ மூச்சு."

செல்லசாமி குனிந்து நிலை தாண்டி உள்ளே போனான். வாசல் முழுக்கத் தலைகள். "பாப்பா, ஒங்கப்பா எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல" என்றான்.

"அப்ப... நீங்க?" என்றாள் நிலக்ஷி.

கட்டை அவள் மடியில் வைத்தான். போகத் திரும்பினான்.

"இருங்க மாமா. எண்ணணும்."

ஒரு தாளை எடுத்தாள். பாயில் வைத்தாள். மூச்சு இழுத்தாள். "ஒண்ணு." இன்னொன்றை எடுத்தாள். மூச்சு. "ரெண்டு." ஐந்துக்கு ஒரு தடவை கண்ணை மூடி இளைப்பாறினாள். செல்லசாமி கை கட்டி நின்றான். உட்காரச் சொல்ல யாருமில்லை. "நான் எண்ணித் தாறேனே பாப்பா" என்றான் ஒரு முறை. நாகலெட்சுமி வாசலிலிருந்து, "பேசாதடா, அவளுக்குக் கணக்குத் தப்பும்" என்றாள்.

அறுபதைத் தாண்டி நிலக்ஷி நிறுத்தினாள். அப்பாவைப் பார்த்தாள். "தப்பிப்போச்சு. மொதல்ல இருந்து."

தப்பவில்லை என்று நல்லமுத்துவுக்குத் தெரியும். போனில் நம்பரைப் பார்த்தான். தொண்ணூறு. சுவரில் சாய்ந்து நின்று, "ஆறுதலா எண்ணும்மா" என்றான்.

வெளியே வெயில் இறங்கி, வாசலில் இருந்தவர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. செல்லசாமி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றான். ஸ்டோரின் நாற்றம் உள்ளே வந்தபோது அவன் மூக்கைப் பொத்தக் கையைத் தூக்கி, பிறகு பொத்தாமல் கீழே விட்டான்.

எண்பத்தாறாவது தாளை வைத்துவிட்டு நிலக்ஷி வெகு நேரம் மூச்சு வாங்கினாள்.

"சரியா இருக்கு" என்றாள். "போங்க."